அப்பாவின் காதுக்குப் பதினோரு குமிழ்கள்

என் அப்பா குழந்தைவேலு பொறுமைசாலி என்று பள்ளிபாளையம் முழுக்கப் பேர் வாங்கியவர். விசைத்தறித் தொழிலாளர் சங்கத்துக்குப் பதினைந்து வருடமாக அவர்தான் செயலாளர். ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் முதலாளிகள் அவரை என்னென்னவோ சொல்வார்கள். அவர் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். கடைசியில் தொழிலாளிகள் கேட்டதில் முக்கால்வாசியை வாங்கிக்கொண்டு வெளியே வருவார்.

இந்தப் பொறுமைக்கு என்ன காரணம் என்பது பற்றி எனக்கு ஒரு கோட்பாடு இருந்தது. அவருக்குக் காது கேட்காது.

இருபத்திரண்டு வருடம் தறிப்பட்டறையில் நின்ற காது அது. இடது காதில் கொஞ்சம் மிச்சம், வலது காது அலங்காரத்துக்கு. வீட்டில் நாங்கள் என்ன சொன்னாலும் தலையாட்டுவார். அம்மா திட்ட ஆரம்பித்தால் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். கடையில் வாங்கித் தந்த காதுக் கருவி எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரிப் பெரிதாக்கியது. மிக்சிக்கும் மச்சானுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று அதைக் கழற்றி பீரோவில் வைத்துவிட்டார்.

நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு. நவநீதன் என்று பெயர். தறிப்பட்டறைக்குள் நான் காலெடுத்து வைத்ததில்லை. படிக்கிற பையன் அந்தப் பக்கம் வரக் கூடாது என்பது அப்பா போட்ட சட்டம். அதனால் மீதி நேரத்தில் கம்ப்யூட்டரில் இசை அமைத்தேன். ‘பின்னல்’ என்ற மென்பொருளில். அதை எழுதியவர்கள் உலகம் முழுக்க இருக்கும் தன்னார்வலர்கள். அது யாருக்கும் சொந்தமில்லை. அதாவது எல்லோருக்கும் சொந்தம். அதாவது ஏதாவது கெட்டுப்போனால் திட்டுவதற்கு ஆள் கிடையாது.

பின்னலில் எல்லாமே சின்னச் சின்னப் பெட்டிகள். ஒரு பெட்டி சத்தம் உண்டாக்கும், ஒன்று எதிரொலி போடும், ஒன்று தாளத்தை எண்ணும். எந்தப் பெட்டியிலிருந்தும் வயர் எடுத்து எந்தப் பெட்டியின் எந்த ஓட்டையிலும் சொருகலாம். அதில் நான் செய்த பாட்டை நாற்பத்தொரு முறை கேட்டிருக்கிறார்கள். முப்பது முறை நான்.

அந்த வருடம் யாரோ ஒரு புண்ணியவான் பின்னலைக் காதுக் கருவிக்குள் ஓட வைத்தார். கருவி காதில், பெட்டிகள் போனில். யார் பேசுகிறார்கள் என்று குரலை வைத்துக் கண்டுபிடித்து, அது ஆளுக்கொரு சேனல் ஒதுக்கும். சேனலுக்கு ஒரு குமிழ், மேலே தள்ளினால் சத்தம் கூடும், கீழே தள்ளினால் குறையும். அம்மாவைக் கூட்டலாம், தெருநாயைக் குறைக்கலாம். பாட்டில் வயலினையும் தவிலையும் தனித்தனியாக ஏற்றி இறக்குவது போலத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை அப்பாவுக்கு மாட்டினேன். அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்றார்.

“ஏனுங்க, கேக்குதுங்களா?”

“கேக்குது. எதுக்குக் கத்தற?”

“நான் எங்கீங்க கத்துனேன்? எப்பவும் பேசறதுதான்.”

அப்பா காதிலிருந்த கருவியைத் தொட்டுப் பார்த்தார். “இதுதான் எப்பவுமா?”

அம்மா என் பக்கம் திரும்பினார். “டேய், இத்தன வருசமா நான் பாட்டுக்குத் தனியாப் பேசிட்டுத் திரிஞ்சேன். இப்ப பதில் வருது. எனக்கென்னமோ பயமா இருக்குது.”

பயம் நியாயமானதுதான் என்று பன்னிரண்டு நாளில் தெரிந்தது. சித்தப்பா வீட்டில் காதுகுத்து. பந்தியில் அப்பாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். முதுகுக்குப் பின்னால் அடுத்த வரிசையில் அம்மாவின் தம்பி, என் சின்ன மாமா. அவர் பக்கத்து இலைக்காரரிடம் சொன்னார்: “இந்த வருசம் மச்சான் எட்டுத் தறிக்குக் கையெழுத்துப் போட்டுட்டு வந்துருவாரு பாருங்க. அவரு காதுல எது ஏறுது?”

அப்பா எழுந்தார். பரிமாறுகிறவர் கையிலிருந்து ரச வாளியை வாங்கினார். நேராகப் போய்ச் சின்ன மாமாவின் பாயசத்தில் ஒரு கரண்டி ரசம் ஊற்றினார். திரும்பி வந்து உட்கார்ந்து மோருக்குக் கை நீட்டினார். பதினைந்து வருடத்தில் அவருக்கு வந்த முதல் கோபம் அது.

மாமா சொன்ன எட்டுத் தறி விளையாட்டு விஷயம் அல்ல. எங்கள் ஊரில் ஓர் ஆள் ஆறு தறி பார்க்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அதை எட்டாக்க வேண்டும் என்று முதலாளிகள் அந்த வருடம் கேட்டிருந்தார்கள். பேச்சுவார்த்தைக்குப் பதினோரு நாள்தான் இருந்தது. முதலாளிகள் பேசுவதை அப்பா முதல்முறையாகக் காதால் கேட்கப் போகிறார். அவர்கள் மேசையிலும் ரசம் இருந்தால் என்ன ஆவது?

மறுநாள் கேன்டீனில் பர்ஹானாவைப் பிடித்தேன். என் வகுப்புதான், ஈரோட்டிலிருந்து வருகிறாள். பின்னலில் மூன்று பெட்டிகள் அவள் எழுதியவை. இதை அவள் வகுப்பில் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் ஆண்டு விழாவுக்கு ஸ்பீக்கர் கட்டச் சொல்லிவிடுவார்கள்.

“திட்டறவங்க பேசும்போது மட்டும் குமிழ் தானா எறங்கணும்,” என்றேன். “ஆட்டோமேஷன் போடணும்.”

“ஆட்டோமேஷன்னா என்னன்னு தெரிஞ்சுதான் பேசறியா?”

“பாட்டு ஓடறப்ப குமிழ் தானா நகர்றது.”

“தானா ஒண்ணும் நகராது. நீ முன்னாடியே ஒரு கோடு போட்டு வச்சிருப்ப. அடுத்த தடவ நீ அங்க இல்லாட்டியும் உன் கை அங்க இருக்கும். அதுக்குப் பேருதான் ஆட்டோமேஷன்.”

“அதான் பிரச்சனையே. பாட்டுன்னா ரெண்டாவது நிமிஷத்துல எறக்குன்னு கோடு போடலாம். எங்கப்பாவ எத்தனாவது நிமிஷத்துல திட்டுவாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“அப்ப நேரத்துக்குப் பதிலா வேற எதையாவது சொருகு.” அவள் என் போனை வாங்கி ஒரு பெட்டியை இழுத்துப் போட்டாள். அதன் பெயர் ‘காரம்’. “இது ஒருத்தரோட குரல் எவ்வளவு காட்டமா இருக்குன்னு சொல்லும். பூஜ்யத்துலேர்ந்து நூறு. சத்தம், வேகம், சுருதி எல்லாத்தையும் வச்சுக் கணக்குப் போடும். பாடறவங்க கத்தறப்ப ரெக்கார்டிங் கெட்டுப் போகாம இருக்க யாரோ செஞ்சது. இதைக் குமிழோட தலைகீழாச் சேத்துட்டா, காரம் ஏற ஏற சத்தம் எறங்கும்.”

“அவ்வளவுதானா?”

“ஒரு வயரு, ஒரு கழித்தல் குறி.” சொருகப் போனவள் நிறுத்தினாள். “உங்கப்பாகிட்ட கேட்டியா?”

“கேட்டா வேண்டாம்னுருவாரு.”

“அப்ப பதில் தெரிஞ்சுகிட்டே செய்யற.”

“பேச்சுவார்த்தை முடிஞ்சதும் கழட்டிருவேன் பர்ஹானா. ஆயிரம் பேரு பொழப்பு இது.”

“இது நல்ல காரணம். எல்லாரும் இது மாதிரி நல்ல காரணம்தான் வச்சிருப்பாங்க,” என்று சொல்லிவிட்டு வயரை என் கையில் கொடுத்தாள். “நீயே சொருகிக்கோ.”

சொருகினேன்.

அன்று சாயங்காலமே அம்மாவிடம் சோதனை. காஸ் புத்தகத்தை யாரோ எங்கேயோ வைத்துவிட்டார்கள் என்பதில் ஆரம்பித்து அம்மாவின் குரல் ஏற, திரையில் குமிழ் தானாக இறங்கியது. அப்பா சுவர் பக்கம்கூடத் திரும்பவில்லை. செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு குடும்பத்தில் ஒரு கழித்தல் குறியால் அமைதியைக் கொண்டுவந்தவன் நான்.

நான்கு நாள் கழித்துச் சங்க அலுவலகத்தில் கமிட்டிக் கூட்டம். ஏழு பேர். அப்பாவின் காதில் ஏழு புதுச் சேனல்கள், அம்மாவையும் என்னையும் சேர்த்து ஒன்பது; காதுகுத்துக்கு வந்தவர்களின் சேனல்களை அழித்துவிட்டிருந்தேன். கருவி சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பதற்காக நானும் போய் மூலையில் உட்கார்ந்தேன். திரையைப் பார்த்ததை விட மின்விசிறியைத்தான் அதிகம் பார்த்தேன். அது என் தவறு.

அங்கம்மாள் என்று ஒரு அக்கா. பதினெட்டு வருடமாகத் தறி ஓட்டுகிறார். எழுந்து நின்று கேட்டார்: “ஆறு தறிக்கே ஒண்ணுக்குப் போறதுன்னா பக்கத்துத் தறிக்காரியக் கும்புட்டுட்டுப் போக வேண்டியிருக்குது! எட்டு குடுத்தா அவளுக்கும் எட்டு. அவ எப்பிடி என்ற தறியப் பாப்பா? இடுப்புல வாளியவா கட்டிக்கிறது?”

எல்லோரும் சிரித்தார்கள், பிறகு எல்லோரும் பேசினார்கள். கடைசியாகச் சென்னியப்பன் பேசினார். தொழிலுக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. சன்னமான குரல். “ஆறுக்கும் எட்டுக்கும் நடுவுல ஏழுன்னா பாக்கலாமுங்க,” என்றார். யாரும் அவரைச் சட்டை பண்ணவில்லை. அப்பா குனிந்தபடி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். நன்றாகக் கேட்கிற மனிதன் எழுதுவது போல, ஒருவர் முகத்தையும் பார்க்காமல்.

வெளியே செருப்பு மாட்டும்போது அங்கம்மாக்கா என்னைக் கூப்பிட்டார்.

“உங்கொப்பனுக்கு என்ன கண்ணு ஆச்சு? முன்னெல்லாம் நான் வாயத் தொறந்தா என்ற மூஞ்சியவே பாத்துட்டு இருப்பாரு. இப்ப நோட்டையே பாக்கறாரு. எட்டுத் தறின்னு உள்ளுக்குள்ள முடிவாயிருச்சா? இருந்தா சொல்லிப்போடு. நாங்க வேற ஆளப் பாத்துக்கறோம்.”

“அய்யோ, இல்லீங்கக்கா. இப்பத்தான் அவருக்கு நல்லாக் கேக்குது. அதனால பாக்க வேண்டியதில்ல.”

“அப்பிடியா?” என்றவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “கேக்காதப்பவே நல்லா இருந்தாரு.”

இதை நான் மென்பொருளுக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

பேச்சுவார்த்தை முதலாளிகள் சங்கக் கட்டடத்தில், காலை பதினோரு மணிக்கு. ஏசி அறை. அந்தப் பக்கம் தலைவர் மாணிக்கசுந்தரமும் அவருடைய மேனேஜர் திருமூர்த்தியும். மாணிக்கசுந்தரத்தின் தாத்தா தறி ஓட்டியவர், அப்பா தறி வாங்கியவர், இவர் தறி பக்கம் போகாதவர். இந்தப் பக்கம் அப்பா, அங்கம்மாக்கா, சென்னியப்பன். நான் அப்பாவுக்குப் பின்னால், காது மெக்கானிக் என்ற பதவியில். அப்பாவுக்குக் கேட்பதெல்லாம் எனக்கும் கேட்கும்படி ஒரு ஹெட்போன் மாட்டியிருந்தேன்.

“வாங்க குழந்தைவேலு. காதுல என்னமோ புதுசா மாட்டியிருக்கீங்க போல?” என்றார் மாணிக்கசுந்தரம். கோயிலில் பேசுவது போல அவ்வளவு மெதுவான குரல். “நல்லதுங்க. இனிமே நாங்க சொல்றது புரியலைன்னா அதுக்குக் காது காரணம்னு சொல்ல முடியாதுங்க. வேற எதுலயோ கோளாறுன்னுதான் அர்த்தம்.”

பத்தாவது சேனல் பிறந்தது. காரம்: நான்கு. குமிழ் அசையவில்லை. ஒவ்வோர் எழுத்தும் தெளிவாகக் கேட்டது.

எங்கள் ஊரில் திட்டுவதற்கும் ‘ங்க’ போடுவார்கள் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

“ஆறு தறிக்கு ஓராளுன்னா பாதி நேரம் சும்மாத்தானுங்க நிக்கறாங்க,” என்று அவர் தொடர்ந்தார். “தப்புச் சொல்லலீங்க. நாம பழக்குனதுதான். மாடுகூடப் பழக்குன எடத்துலதானுங்களே நிக்கும்.”

காரம்: மூன்று.

“யாருங்க மாடு!” என்று எழுந்தார் அங்கம்மாக்கா. “சும்மா நிக்கறமா? வந்து ஒரு நாளைக்கு நின்னு பாருங்க! அறுந்த நூல எடுத்து முடிச்சுப் போடறதுக்குள்ள அடுத்தது அறுந்திருக்கும்!”

காரம்: தொண்ணூற்றொன்று. குமிழ் சறுக்கிக்கொண்டு அடிமட்டத்துக்குப் போனது. ஹெட்போனில் தூரத்தில் கொசு பறப்பது போலக் கேட்டது. அப்பா முதலாளிகள் கொடுத்த தாளைக் குனிந்து படித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் போனில் குமிழ்களின் பழைய பதிவைத் தள்ளிப் பார்த்தேன். கமிட்டிக் கூட்டத்தில் ஏழு சேனல்களில் ஆறு, கூட்டம் முழுக்கத் தரையில் கிடந்திருந்தன. ஒன்று மட்டும் மேலே. சென்னியப்பன்.

தறிக்காரர்கள் அப்படித்தான் பேசுவார்கள். எல்லோருக்கும் காது போயிருக்கிறது, அதனால் எல்லோரும் கத்துவார்கள். டீ வேண்டுமா என்று அவர்கள் கேட்பது வெளியூர்க்காரன் காதில் விழுந்தால் சண்டையை விலக்க வருவான். நான் இந்த ஊரிலேயே பிறந்ததால் அது சத்தமாகவே எனக்குத் தோன்றியதில்லை. காரம் என்ற அந்தப் பெட்டி இந்த ஊரில் பிறக்கவில்லை. பத்து நாளாக என் அப்பா தன் ஆட்கள் யாருடைய பேச்சையும் கேட்கவில்லை. நடுவில் ஏழு என்று ஒருவர் சொன்னது மட்டும் அவருக்கு நன்றாகக் கேட்டிருந்தது.

“ஏழுன்னு முடிச்சுக்கலாமுங்களா?” என்றார் திருமூர்த்தி. அவரும் சாந்தமான மனிதர். பதினோராவது சேனல். “உங்காளுகளே ஒத்துக்கறாங்கன்னு கேள்வி.”

“கமிட்டியிலயும் ஏழுன்னுதான் பேச்சு வந்துச்சுங்க,” என்றார் அப்பா. தாளைத் தன் பக்கம் இழுத்துப் பேனாவைத் திறந்தார்.

“எந்தக் கமிட்டியில!” என்று அங்கம்மாக்கா மேசையைத் தட்டினார். “கொழந்தண்ணா! யாரு சொன்னா ஏழுன்னு?”

கொசு பறந்தது. அப்பா நிமிரவில்லை.

நான் அங்கம்மாக்காவின் குமிழை மேலே தள்ளினேன். கையை எடுத்ததும் அது தானாகக் கீழே போனது. மறுபடி தள்ளினேன், மறுபடி போனது. அடுத்த தடவை நீ அங்கே இல்லாவிட்டாலும் உன் கை அங்கே இருக்கும் என்று பர்ஹானா சொன்னது இதைத்தான். பத்து நாளைக்கு முந்தைய என் கை, இப்போதைய என் கையோடு சண்டை போட்டது. வயரைத் தேடிப் பிடுங்க நேரமில்லை. பேனா தாளைத் தொட்டுவிட்டது. குமிழை மேலே தள்ளி விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

“—ஒரு வார்த்த எங்களக் கேட்டீங்களாண்ணா!”

அப்பாவின் தோள் தூக்கிப் போட்டது. நிமிர்ந்து அங்கம்மாக்காவைப் பார்த்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பயத்தில் விரலை எடுத்துவிட்டேன். அங்கம்மாக்காவின் வாய் அசைந்துகொண்டிருந்தது, சத்தம் போய்விட்டது. விரலை வைத்தேன், வந்தது. எடுத்தேன், போனது. அப்பா என் விரலையும் அவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். மூன்று முறை. அவர் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தவர். இதற்கு அது போதுமாக இருந்தது.

பேனாவை மூடினார். கருவியைக் காதிலிருந்து கழற்றி மேசையில் வைத்தார்.

“பையன் செஞ்சு குடுத்ததுங்க. சரியா வேல செய்ய மாட்டேங்குது,” என்றார். “எனக்கு இனிக் கேக்காதுங்க. நீங்க என்ன முடிவு பண்ணறீங்களோ அதை எழுதிக் காட்டுங்க.”

சொல்லிவிட்டு பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி சாய்ந்து உட்கார்ந்தார்.

மாணிக்கசுந்தரத்தின் முகம் லேசானது. வெகுநாள் கழித்து வீட்டுக்கு வந்தவர் சட்டைப் பொத்தானைக் கழற்றுவது போல, அவர் அப்பாவின் எதிரிலேயே திருமூர்த்தியிடம் பேச ஆரம்பித்தார். உதட்டுக்கு வெளியே வராத குரல். ஆனால் மேசையில் கிடந்த கருவி அணையவில்லை. என் ஹெட்போனில் கணீரென்று கேட்டது.

“ஏழுன்னே எழுதிக் காட்டு. செவிடன் மொறைச்சுக்கிட்டான்னா ஆறுலயே விட்டுரலாம். பத்தாந்தேதி சரக்கு போயாகணும், ஒரு நாளு தறி நின்னாலும் நம்ம கதை முடிஞ்சுது. அவனுக்கு அது தெரியவா போகுது?”

ஒரு துண்டுத் தாளில் ‘ஆறுக்கு ஒத்துக்குவாங்க, பத்தாம் தேதி சரக்கு’ என்று கிறுக்கி மடித்தேன். அதை அப்பா கையில் திணிப்பதற்குள் திருமூர்த்தியின் தாள் அவர் முன்னால் வந்துவிட்டது. ஏழு.

அப்பா அதை அடித்து ஆறு என்று எழுதினார்.

“ஆறுங்க. இல்லீன்னா நாளைக்குக் காலையிலருந்து தறி ஓடாதுங்க. நெறைய நாளைக்கு ஓடாதுங்க.”

மாணிக்கசுந்தரம் பெருமூச்சு விட்டார். பிறகு கையெழுத்துப் போட்டார். அங்கம்மாக்கா அப்பாவிடம் ஒன்றும் பேசாமல், சென்னியப்பனை இழுத்துக்கொண்டு பட்டறைக்குச் சேதி சொல்லப் போனார். என் துண்டுத் தாள் வியர்வையில் நனைந்து கையிலேயே இருந்தது.

திரும்பும் வழியில் அப்பா ஒரு பேக்கரி முன்னால் மொபெட்டை நிறுத்தினார். இரண்டு டீ சொல்லிவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

“அப்பா!” என்று கத்தினேன். “அவங்க! ஆறுக்கு! ஒத்துக்குவாங்கன்னு! உங்களுக்கு! எப்பிடி!”

“கத்தாத. கடைக்காரரு பாக்கறாரு. வாயக் கோணாம மெதுவாப் பேசு, போதும்.”

நான் வாயை மூடினேன். பிறகு சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைத்துக் கேட்டேன்: எப்பிடி?

“இருவத்திரண்டு வருசம் பட்டறைக்குள்ள நின்னவன்டா நானு. எரநூறு தறி ஓடற எடத்துல எவனுக்குக் காது கேக்கும்? அங்க எல்லாரும் வாயப் பாத்துத்தான் பேசுவோம். மாணிக்கசுந்தரம் உள்ள வந்திருந்தா அவருக்கும் தெரிஞ்சிருக்கும்.”

“அப்ப பதினஞ்சு வருசமா...”

“அவங்க என் முன்னாடி உக்காந்து அவங்களுக்குள்ள பேசிக்குவாங்க. நானு பாத்துட்டிருப்பேன்.”

“உங்களத் திட்டறதையும்?”

“அதையும்தான். அதுக்குக் கோவிச்சுக்கிட்டா பாக்கறேன்னு தெரிஞ்சு போயிரும். தெரிஞ்சா வாயப் பொத்திக்குவாங்க. அப்பறம் எதை வச்சுப் பேசறது?”

என் கோட்பாடு பேக்கரி மேசை மேல் செத்துக் கிடந்தது. டீ வந்தது.

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“அவ திட்டறப்ப நான் எதுக்குச் செவுத்தப் பாத்து உக்காருவேன்னு நெனச்ச?” ஒரு வாய் குடித்தார். “இப்ப நீ சொல்லு. என்ன பண்ணி வச்ச?”

சொன்னேன். காரம், வயர், கழித்தல் குறி. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயைப் பார்க்கிறவரிடம் சத்தத்தைக் குறைத்துச் சொல்லித் தப்பிக்க முடியாது என்று அப்போது தெரிந்தது.

“மாணிக்கசுந்தரத்தோடது மட்டும் கொறையவே இல்லப்பா. அவருக்காகத்தான் வச்சேன்.”

“அவரு எந்தக் காலத்துல கத்தியிருக்காரு? அவரு மொனகுனா நாலு பேரு ஓடி வர்றாங்க. அங்கம்மாவுக்கு யாரு வர்றா?” டம்ளரை வைத்தார். “பேனாவத் தொறந்துட்டேன்டா நானு. அந்தப் புள்ள என்னைய என்னன்னு நெனச்சிருக்கும்?”

நான் போனை எடுத்து மேசையில் வைத்தேன்.

“வயரெல்லாம் புடுங்கிரு,” என்றார். “மிசினு இருக்கட்டும். முன்னால பேசறது எனக்குத் தெரியும். பின்னால பேசறதுக்கு மாட்டிக்கறேன். நாளைக்குக் காலையில பட்டறைக்கு வா. அங்கம்மாகிட்ட நீயே உன் வாயால சொல்லணும்.”

சாயங்காலம் கேன்டீனில் பர்ஹானாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அங்கேயே உட்கார்ந்து பின்னல் குழுவுக்கு ஒரு பிழை அறிக்கை எழுதினாள். தலைப்பு: ‘விசைத்தறித் தொழிலாளர்கள் அனைவரும் கோபமாக இருப்பதாகக் காட்டுகிறது’. அரைமணி நேரத்தில் எந்த நாட்டிலிருந்தோ ஒரு தன்னார்வலர் பதில் போட்டார்: ‘அவர்கள் உண்மையிலேயே கோபமாக இருக்க வாய்ப்பு உண்டா?’

“உண்டு,” என்று தட்டினாள் பர்ஹானா. “ஆனால் அது வேறு பிழை. இந்த மென்பொருளில் சரிசெய்ய முடியாது.”

மறுநாள் காலை முதல்முறையாகத் தறிப்பட்டறைக்குள் போனேன். அதைச் சத்தம் என்று சொல்வது சரியல்ல. சத்தம் என்றால் காதில் விழும். இது நெஞ்சில் விழுந்தது, பல்லில் விழுந்தது. பஞ்சுத் தூசி மழை மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. பழக்கதோஷத்தில் போனை எடுத்துப் பார்த்தேன். திரை முழுக்க ஒரே சிவப்பு. சேனல் என்று ஒன்றுகூட இல்லை.

அங்கம்மாக்கா தன் ஆறு தறிகளுக்கு நடுவே நின்றிருந்தார். அப்பா அவர் தோளைத் தொட்டு என்னைக் காட்டினார். நான் கத்த ஆரம்பித்தேன். அக்கா தலையை ஆட்டி, தன் உதட்டைத் தொட்டுக் காட்டினார். மெதுவாக.

“நான்தானுங்க,” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. “உங்க சத்தத்த... நான்தான்... கொறச்சு வச்சேன். அப்பாவுக்குத் தெரியாது. மன்னிச்சுருங்க.”

அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேசினார். நீளமாகப் பேசினார். ஒரு கை அறுந்த நூலை எடுத்து முடிச்சுப் போட்டது, இன்னொரு கை என்னைக் காட்டியது, கூரையைக் காட்டியது, தன் காதைக் காட்டியது. நான்கு தறி தள்ளி நின்ற இன்னோர் அக்கா அதைப் பார்த்துவிட்டு அங்கிருந்தே ஏதோ கேட்டார். இவர் பதில் சொன்னார். அதற்கு அந்தக் கோடியில் நின்ற ஒரு பெரியவர் தொடையைத் தட்டிச் சிரித்தார், பிறகு விரலை ஆட்டி என்னிடம் ஏதோ சொன்னார். பட்டறையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. நாற்பது பேருக்கு மேல் இருப்பார்கள். எல்லோரும் என்னைப் பற்றித்தான் பேசினார்கள். அந்த இடத்தில் காது கேட்காதவன் நான் ஒருவன்தான்.

வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் என் காதில் மறுபடி காக்கை சத்தம் ஏறியது. மொபெட் நிறுத்திய இடத்தில் அப்பா என் தலையிலிருந்த பஞ்சைத் தட்டிவிட்டார்.

“என்னப்பா சொன்னாங்க?”

“பரவாயில்லைன்னு சொல்லுச்சு.”

“அவ்வளவு நேரமா?”

“ஆமா.”

“அந்தக் கோடியில ஒருத்தர் சிரிச்சாரே? விரல ஆட்டி என்னமோ சொன்னாரே?”

“அவரும் அதையேதான் சொன்னாரு.”

காதுக் கருவி அவர் சட்டைப் பையில் இருந்தது. அடுத்த கேள்விக்கு நான் வாயைத் திறந்தேன். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.